ஐந்தாவது படத்துக்கு வெளிச்சம் போதாது

மூன்றாவது படத்திலும் இன்னாசிமுத்து கண்ணை மூடிவிட்டார். இனி மறுபடியும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாய்த்து வைத்திருக்கும் செல்போனிடம் போய், டைமரை அழுத்தி, அது பத்து எண்ணி முடிப்பதற்குள் வீங்கின முட்டியை இழுத்துக்கொண்டு நாலு எட்டு ஓடி, அவருக்கு எதிரே எதிராளியாக முஷ்டி மடக்கி நிற்கவேண்டும். அறுபத்து நாலு வயதில் செபமாலைக்கு இது தேவைதானா? எதிரே ஆள் இல்லாமல் நின்றால் பாக்ஸரின் கண் பொய் சொல்லுமாம், படத்தில் அது தெரிந்துபோகுமாம், அதனால் கட்டின பெண்டாட்டி ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் நடுவில், படத்தில் விழாத இடமாகப் பார்த்து, நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு குத்துச்சண்டைக்கு நிற்கிறாள். இது போதாதென்று, "கட்டைவிரலை வெளிய எடு செபா. உள்ள வெச்சுக் குத்துனா மொதக் குத்துலயே ஒடஞ்சுரும்" என்று வேறு. யாரைக் குத்தப்போகிறாள்? குத்துகிற எண்ணம் இருந்திருந்தால் நாற்பது வருஷத்துக்கு முன்பே குத்தியிருக்கமாட்டாளா? கழுதைக்கு வாழ்க்கைப்பட்டு உதைக்கு அஞ்சலாமா என்று அவள் அம்மா அப்போதே சொன்னாள், ஆனால் கழுதைக்கு எதிரே நின்று படம் எடுக்கவேண்டியிருக்கும் என்று அம்மா சொல்லவில்லை. அடுப்பில் கொண்டைக்கடலை மூன்று விசில் விட்டாயிற்று. மூன்றா, நான்கா? டைமர் எண்ணுகிற எண்ணிக்கையில் விசில் எண்ணிக்கை தவறிப்போகிறது. மணி ஒன்பதே முக்கால். பதினொன்று பத்துக்குப் பொன்மலைப்பட்டி ஸ்டாப்பில் பஸ்ஸைப் பிடித்தால்தான் பன்னிரண்டுக்குள் தில்லை நகர். நரம்பு டாக்டரிடம் டோக்கன் பதினாலு. ஓசூரிலிருந்து மகள் ரெஜினா போன் பண்ணிப் போன் பண்ணி வாங்கிய டோக்கன். இதற்கு முன்னால் வாங்கிய இரண்டையும் மனிதர் கோட்டைவிட்டார், ஒரு தடவை தலைவலி, ஒரு தடவை சவ அடக்கத்துக்குப் போகணும் என்று. யாருடைய சவ அடக்கம் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. நேற்று அவள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் ஒரு வழிக்கு வந்தார். அவர் சொல்லச் சொல்ல இவள் எழுதிய குத்துச்சண்டைப் புத்தகத்துக்கு எட்டுப் படம், எட்டும் முடிந்தால் வருகிறேன் என்றார். பாக்ஸர் வாக்கு என்று வலது கையை நீட்டினார். வலது கையைத்தான் நீட்டினார்.

இடது கை. அதைப் பற்றி இப்போது நினைக்கவேண்டாம், படம் முடியட்டும், பஸ் ஏறிய பிறகு நினைத்துக்கொள்ளலாம் என்று செபமாலை டைமரை அழுத்திவிட்டு ஓடினாள். பத்து, ஒன்பது. நினைக்கவேண்டாம் என்றால் நினைப்பு கேட்கிறதா, பல்லில் மாட்டின நார் மாதிரி நாக்கு அங்கேயேதான் போகிறது. திங்கட்கிழமை காபி டம்ளர் கீழே விழுந்தது. விழுந்ததற்கு அவர் டம்ளரைத் திட்டினார், விளிம்பில்லாத டம்ளராம். ஆறு மாதமாகப் பட்டன் வைத்த சட்டையே போடுவதில்லை, டி-ஷர்ட்தான் காற்றோட்டமாம். போன ஞாயிறு பூசையில் பரலோக மந்திரத்துக்கு எல்லாரும் இரண்டு கையையும் விரித்து உயர்த்தினபோது இவர் மட்டும் கும்பிட்டபடி நின்றார். ஏங்க, கையைத் தூக்குங்க என்று இவள் முழங்கையால் இடித்ததற்கு, "கடவுளுக்கு இது தெரியாதா?" என்றார். எது தெரியாதா? அதைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம். ஆமாம், பயம்தான், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, அவளுடைய பெரியப்பா இப்படித்தான் முதலில் செருப்பைப் போட முடியவில்லை என்றார், அப்புறம் ஸ்பூன் பிடிக்க முடியவில்லை என்றார், அப்புறம் சொல்லவும் முடியவில்லை. மூன்று, இரண்டு. "மூச்சை விடாதீங்க, கண்ணை மூடாதீங்க" என்று கத்தினாள். போன் க்ளிக் என்றது. விசில் வந்தது. நான்கு. அல்லது ஐந்து.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். மூன்றாம் நிலை. வாயால் பேசும்போது ஸ்டான்ஸ் என்பார், புத்தகத்தில் மட்டும் நிலை. காலை அகட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, இரண்டு கையும் வயிற்றுக்கு நேராக நீட்டி, உள்ளங்கைப் பக்கம் மேலே பார்க்க முஷ்டி. மீசை இருந்தால் பழைய இங்கிலீஷ்காரன் படம்தான். கிளவுஸ் இல்லாமல் வெறும் முஷ்டியில் சண்டை போட்ட காலத்தில் இப்படித்தான் நின்றார்களாம், ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சத்தில். அது ஏன் என்று அவர் விளக்கியதை நாற்பது தடவையாவது கேட்டிருப்பாள், அவளே நீள நோட்டில் எழுதியிருக்கிறாள், கேட்டால் தூக்கத்தில்கூட ஒப்பிப்பாள். வெறுங்கையால் மண்டையில் குத்தினால் மண்டை ஒன்றும் ஆகாது, குத்தினவன் விரல்தான் நொறுங்கும். அதனால் அவனவன் வயிற்றில் குத்தினான், விலாவில் குத்தினான், முகத்தைக் காப்பது அவ்வளவு அவசரமில்லை. தவிர, கட்டிப்பிடித்துக் கீழே தள்ளலாம் என்றும் அப்போது விதி இருந்தது, அதனால் ஆளைக் கிட்டே விடாமல் கையை முன்னால் நீட்டிக் காலை ஊன்றி நின்றான். பிறகு ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தேழில் புது விதி எழுதிக் கையில் கிளவுஸை மாட்டினார்கள். மாட்டினதும் விரலுக்குப் பயம் போயிற்று, விரலுக்குப் பயம் போனதும் எல்லாரும் முகத்திலேயே குத்த ஆரம்பித்தார்கள், கை மெல்ல மெல்ல மேலே ஏறிவிட்டது. "கிளவுஸு கையைத்தான் காப்பாத்துச்சு செபா, மண்டையக் காப்பாத்தல" என்று அந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு நிறுத்தம் நிறுத்துவார். சமையல்கட்டில் இவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாலும் வந்து நிறுத்துவார். சரி, மண்டையைக் காப்பாற்றவில்லை, அதற்காக நான் என்ன பண்ணட்டும், ரசத்துக்குப் புளி கரைக்கவா வேண்டாமா?

நாலாம் நிலை. கிளவுஸ் வந்த புதிது, கை வயிற்றிலிருந்து மார்புக்கு ஏறிய காலம். டைமர், ஓட்டம், முஷ்டி, கட்டைவிரலை வெளிய எடு. க்ளிக். இந்த முறை கண் திறந்திருந்தது, ஆனால் இடது கை தொப்புளுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. "நோட்டுல மார்பு உயரம்னு எழுதியிருக்கே" என்றாள். அவர் போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நோட்டுல வயிறுன்னு மாத்திரு" என்றார். "அதெப்படிங்க மாத்தறது? நடந்தது நடந்ததுதானே?" "நீ பாத்தியா? எல்லாரும் மார்புக்கா தூக்குனான்? அவனவன் வசதிக்கு நின்னிருப்பான். மாத்து." செபமாலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவைத் தேடி, பக்கம் எழுபத்து மூன்றில் மார்பை அடித்து வயிறு என்று எழுதினாள். எழுதும்போதே எரிச்சலாக வந்தது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவள், ஒரு பிறந்த தேதியை மாற்றச் சொல்லித் தலைமையாசிரியரே கேட்டும் மாற்றாதவள், இப்போது ஒரு மனிதர் கை நின்ற இடத்துக்குத் தக்கபடி இங்கிலாந்து சரித்திரத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். எழுதின பேனா அப்படியே நின்றது. கை நின்ற இடத்துக்குத் தக்கபடி. என்னவோ ஒன்று மனதில் தட்டுப்பட்டது, பிடிப்பதற்குள் விசில் வந்துவிட்டது. ஆறாகத்தான் இருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு வந்தபோது அது போய்விட்டிருந்தது.

"அஞ்சை அப்பறம் எடுக்கலாம், வெளிச்சம் போதாது" என்றார். காலை பத்து மணி, தென்புறத்து ஜன்னல் இரண்டும் திறந்திருக்கிறது, திருச்சி வெயில் சிமெண்ட் தரையைச் சுடவைத்துக்கொண்டிருக்கிறது, வெளிச்சம் போதாதாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சரி, ஆறுக்குப் போனார்கள். ஆறு என்பது குனிந்து பதுங்கி நிற்பது, கை எங்கே இருந்தாலும் தெரியாது. ஏழு என்பது இடது தோளை முன்னால் சுழற்றித் தாடையை அதன் பின்னால் ஒளித்துக்கொண்டு, இடது கையை இடுப்புக்குக் குறுக்கே தொங்கவிட்டு, வலது கையை மட்டும் கன்னத்தில் வைப்பது. இதில் கருப்பின அமெரிக்க பாக்ஸர்கள் கெட்டிக்காரர்களாம், கை கீழே இருப்பதைப் பார்த்து எதிராளி ஏமாந்து உள்ளே வருவானாம். ஏழு ஒரே தடவையில் அழகாக வந்துவிட்டது. அவருக்கே பெருமை, "பாத்தியா, முப்பது வயசு மாதிரி இருக்கேன்ல" என்றார். இருந்தார், அதை இல்லையென்று சொல்லக்கூடாது. எண்பத்து மூன்றில் கல்யாணமான புதிதில் ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் ஒரே ஒரு சண்டையை அவள் பார்த்தாள், பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான். பின்னால் இருந்த ஒர்க்‌ஷாப் ஆட்கள் இன்னாசி, லெஃப்ட்டு, லெஃப்ட்டு என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். அந்த இடது கைதான் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது, குவார்ட்டர்ஸ் வாங்கிக் கொடுத்தது, ரயில்வேக்களுக்கு இடையில் நடந்த போட்டியில் தங்க மெடல் வாங்கிக் கொடுத்தது. அன்றைக்கு இரண்டு கையும் கன்னத்தோடு ஒட்டி, முழங்கை விலாவோடு ஒட்டி, கதவைச் சாத்தின மாதிரி நின்றார். நின்ற இடத்திலிருந்து அந்த இடது கை போவதும் தெரியாது, வருவதும் தெரியாது. சண்டை முடிந்து வந்து முதலில் அவளிடம் கேட்டது, கை எங்கயாவது எறங்குச்சா என்றுதான். கண்ணை மூடியிருந்தவளுக்கு என்ன தெரியும், இல்லீங்க என்றாள். "எறங்கக் கூடாது. கை எறங்குனா கதை முடிஞ்சுது" என்றார்.

கை எறங்குனா கதை முடிஞ்சுது. இதை அவர் டிவியைப் பார்த்துச் சொல்லாத நாளில்லை. எந்த நாட்டுக்காரன் சண்டை போட்டாலும், அவனுக்குத் தமிழ் தெரியுமா தெரியாதா என்றெல்லாம் கவலைப்படாமல், கையத் தூக்குடா, கையத் தூக்குடா மடையா என்று கத்துவார். கையைத் தொங்கப்போட்டு ஆடுகிறவனைக் கண்டால் ஆகாது, திமிர் பிடித்தவன் என்பார், சானலை மாற்றிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் கையைத் தாழ்த்தி நின்றவர்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தாரே, எப்போது? தவக்காலம் ஆரம்பித்த வாரம். டி-ஷர்ட் எப்போது? செபமாலை எட்டாம் படத்துக்கு டைமரை அழுத்தப்போன விரலை அழுத்தாமல் வைத்துக்கொண்டு நின்றாள். டி-ஷர்ட்டும் தவக்காலம்தான். சாம்பல் புதன் அன்றைக்குக் கோவிலுக்கே பனியன் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாரே என்று அவள் சண்டை பிடித்தாளே. "என்ன, அமுக்கிட்டியா?" என்றார் அவர். அழுத்தினாள், ஓடினாள், நின்றாள். எட்டு என்பது இந்தக் காலத்துப் பையன்கள் நிலை, துள்ளிக்கொண்டே கையைத் தளர்த்தித் தொங்கவிடுவது. தொங்கவிட்டார். பத்து, ஒன்பது, எட்டு. ஒன்றில் வயிறு. இரண்டில் வயிறு. மூன்றில் வயிறு. நாலில் மார்பாக இருந்து வயிறாக ஆனது. ஆறில் பதுங்கல், ஏழில் இடுப்பு, எட்டில் தொங்கல். நூற்று நாற்பது பக்கம் எழுதினாளே, அதில் கையைத் தூக்கி நின்றவன் ஒரே ஒருத்தன்தான், ஐந்தாமவன். அவனுக்கு மட்டும் வெளிச்சம் போதாது. க்ளிக். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், இந்த மனிதர் மூட்டை மூட்டையாகச் சோறு வடித்துக் கொட்டியிருக்கிறார். வடித்தது யார்? இவள்தான்.

"எட்டு ஆச்சுல்ல, கெளம்பு" என்றார் இன்னாசிமுத்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, வலது கையால். "ஏழுதான் ஆச்சு" என்றாள். "அஞ்சு பாக்கி." "அதான் வெளிச்சம்..." டியூப்லைட்டைப் போட்டாள். சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த குண்டு பல்பையும் போட்டாள். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து அதன் விளக்கையும் அவர் பக்கம் திருப்பியிருப்பாள், அவ்வளவு கோபம். "இப்ப போதுமா? தூக்குங்க." "பஸ்ஸுக்கு நேரமாச்சு செபா." நாலு மாதமாக டாக்டர் என்றால் காது கேட்காத மனிதருக்கு இப்போது பஸ் நேரம் தெரிகிறது. "பத்து செகண்டுங்க. பத்தே பத்து செகண்டு. பாக்ஸர் வாக்குன்னீங்கல்ல?" டைமரை அழுத்தினாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லை என்று தெரிந்த மாதிரி, இடது காலை முன்னால் வைத்தார், முழங்காலைத் தளர்த்தினார், தாடையை இறக்கினார். எல்லாம் அதனதன் இடத்தில். வலது கை மேலே போய்க் கன்னத்தில் உட்கார்ந்தது. இடது கை கிளம்பியது. ஏழு, ஆறு. தொப்புளைத் தாண்டியது. விலாவின் நடுவில் வந்து நடுங்கியது. அவர் கழுத்து நரம்பு புடைத்தது, பல்லைக் கடித்தார், தோள் மட்டும் காதுவரை ஏறியது, கை ஏறவில்லை. தூக்குங்க, தூக்குங்க, ஆண்டவரே ஒரு சாண், இன்னும் ஒரே ஒரு சாண், எண்பத்து மூன்றில் கண்ணை மூடியிருந்தேன், இப்போது மூடவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், தூக்குங்க. மூன்று, இரண்டு. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. க்ளிக். கை தொடைக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

செபமாலைக்கு வந்ததே கோபம். "ஒரு பொய் சொல்றதுக்கு யாராவது புஸ்தகம் எழுதுவாங்களா?" என்று கேட்டாள். "கை தூக்க முடியலடின்னு சொல்ல எவ்வளவு நேரமாகும்? நூத்தி நாப்பது பக்கம்! என் கையாலயே எழுதவெச்சு! வெள்ளக்காரன் வயித்துல கைய வெச்சா எனக்கென்ன, கழுத்துல வெச்சா எனக்கென்ன? ராத்திரி பகல்னு பாக்காம எழுதுனேனே, மார்ப அடிச்சு வயிறுன்னு எழுதுனேனே, என்ன மனுசங்க நீங்க!" சொல்லச் சொல்ல அழுகை வந்தது, அழுவதற்கும் எரிச்சலாக இருந்தது, நேரமில்லை, பஸ் பதினொன்று பத்து. இன்னாசிமுத்து சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து இடது கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நாலு பக்கத்துல முடிச்சுரலாம்னுதான் ஆரம்பிச்சேன்" என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். "நீ எழுதிக்கிட்டே இருந்தியா... அதை நீ படிச்சுக் காட்டும்போது சரியாத்தான் இருந்துச்சு. அவனுக எல்லாம் எறக்கித்தான நின்னானுக, நமக்கென்ன வந்துச்சுன்னு." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு கையோடயே போயிருமா, மேலயும் போகுமா செபா?" என்று கேட்டார். நாற்பது வருஷத்தில் பயம் என்று அவர் வாயிலிருந்து வந்தது இதுதான் முதல் தடவை. "எனக்கென்ன தெரியும்? அதைக் கேக்கத்தான் பதினாலாம் நம்பர் டோக்கன்" என்றாள் அவள், மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டு.

பீரோவிலிருந்து பட்டன் வைத்த வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது படம். அழித்துவிடுவார் என்று பிடுங்கப் போனாள். பிடுங்கிப் பார்த்தாள். வலது பக்கம் அவர், வாயைக் கடித்துக்கொண்டு, இடது கை விலாவோடு நின்றுபோய். இடது பக்கம், படத்தில் விழக்கூடாத இடத்தில், நைட்டியும் துண்டுமாக செபமாலை. எப்போது அவ்வளவு முன்னால் வந்தாள், அவளுக்கே தெரியாது. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது தாய் வாயைத் திறப்பாளே, அந்த மாதிரி அவருக்காக அவள் தூக்கியிருக்கிறாள். இரண்டு முஷ்டியும் கன்னத்தோடு, இரண்டு முழங்கையும் விலாவோடு, தாடை இறங்கி, கண் எதிராளி மேல். புத்தகத்தில் பக்கம் தொண்ணூற்று ஆறில் எழுதியிருக்கிறபடி அப்படியே. அவள் கையிலிருந்த போனையே அவர் நெடுநேரம் பார்த்தார். "முழங்கை சரியா இருக்கு" என்றார். பிறகு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். "கட்டைவிரல்தான் மறுபடியும் உள்ள போயிருச்சு." "இருக்கட்டும், குடுங்க கைய" என்றாள் செபமாலை. அவர் வழக்கம்போல வலது கையை நீட்டவில்லை. இடது கையை வலது கையால் தூக்கி அவளிடம் கொடுத்தார். அவள் அந்தக் கையை முதலில் சட்டைக்குள் விட்டு, தோள்வரை இழுத்துவிட்டு, கீழிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட ஆரம்பித்தாள்.